போகாத ஊருக்கு வழி: கடலூரிலிருந்து ஜாதிக்காய்த் தீவுக்கு

எங்கள் வீட்டில் ஒரு பழைய உரைகல் இருக்கிறது. பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தப்போ அம்மா அதில்தான் உரை மருந்து இழைத்துக் கொடுப்பார். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய் எல்லாவற்றுக்கும் இத்தனை சுற்று என்று ஒரு கணக்கு உண்டு. அதில் ஜாதிக்காய்க்கு மட்டும் கண்டிப்பு ஜாஸ்தி. "ரெண்டு சுத்துக்கு மேல போகாதே, புள்ள அசந்து தூங்கிடும்" என்பார்.

அந்தக் காயைத் தன் தேசியக் கொடியிலேயே வரைந்து வைத்திருக்கும் ஒரு நாடு உண்டு. கரீபியன் கடலின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் கிரெனடா. 1974 பிப்ரவரி 7 அன்று பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் வாங்கியபோது கொடியின் இடது பக்கத்தில் வெடித்த ஜாதிக்காய் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். சுற்றுலாக்காரர்கள் அதை 'மசாலாத் தீவு' என்றுதான் சொல்வார்கள்.

வரைபடத்தைத் திறந்தால் எண்களை நோண்டிப் பார்ப்பது என் தொழில் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம். கடலூரின் வடக்கு அட்சரேகை 11.75 டிகிரி. சிதம்பரம் 11.40. கிரெனடாவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸ் 12.05. அதாவது தெற்கு வடக்காக மட்டும் பார்த்தால், கடலூருக்குச் சிதம்பரத்தைவிட செயின்ட் ஜார்ஜஸ் பக்கம்! கடலூரிலிருந்து கோடு பிசகாமல் மேற்கே போய், அரபிக் கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டினால் கிட்டத்தட்ட அங்கேதான் கரையேறுவோம். நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், ஆனால் தலைக்கு மேல் வருகிற சூரியன் ஒரே சூரியன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிரெனடாவுக்குப் போனதில்லை. போகாத ஊருக்கு வழி சொல்கிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்த ஊருக்குப் போகிற வழி பல தடவை நம்ம ஊர் வழியாகவே போயிருக்கிறது என்று தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

போனால் என்ன பார்க்கலாம்

கிரெனடா சின்னத் தீவு. மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். நம்ம கடலூர் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நடுவில் எரிமலை மலைகள், உச்சியில் எரிமலை வாயிலேயே தேங்கிய கிராண்ட் எட்டாங் ஏரி, சுற்றிலும் கடற்கரை. மோலினியர் விரிகுடாவில் 2006இல் கடலுக்கு அடியிலேயே ஒரு சிற்பத் தோட்டம் வைத்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் எனக்குப் போகவேண்டும் என்று ஆசை வந்தது குவாவ் என்ற மீனவ ஊரால். அங்கே ஒரு பெரிய ஜாதிக்காய்ப் பதப்படுத்தும் நிலையம் இருக்கிறது. பழம் பழுத்ததும் தானே இரண்டாக வெடிக்கும். உள்ளே கருப்பு ஓடு, அதன் மேல் ரத்தச் சிவப்பில் வலை போட்ட மாதிரி ஒரு உறை. அந்த உறைதான் காய்ந்த பிறகு ஜாதிபத்திரி. நம்ம பிரியாணிக்குப் போடுவது. ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பது ஜாதிக்காய். உடைத்த காயைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்கினால் நல்ல காய், மிதந்தால் சொத்தை. விதை நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் ஒதுக்குகிற நம்ம ஊர் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். உடைத்த ஓட்டையும் வீணாக்க மாட்டார்கள். தோட்டத்துப் பாதையில் ஜல்லி மாதிரி கொட்டி வைப்பார்கள். நடந்தால் காலடியில் நொறுங்கும்.

செயின்ட் ஜார்ஜஸ் சந்தையில் பட்டை, கிராம்பு, இஞ்சி, ஜாதிபத்திரி எல்லாம் மாலையாகக் கோத்து விற்பார்கள். அங்கே மஞ்சளுக்குப் பெயர் 'சாஃப்ரன்'. குங்குமப்பூ என்று நினைத்து ஏமாற வேண்டாம், நம்ம மஞ்சளேதான். ரம் பஞ்ச் கேட்டால் மேலே ஜாதிக்காயைத் துருவிப் போட்டுக் கொடுப்பார்கள்.

தேசிய உணவின் பெயர் 'ஆயில் டவுன்'. சீமைப்பலா, சேப்பங்கிழங்கு இலை, உப்புக்கண்டம், மாவு உருண்டை எல்லாவற்றையும் ஒரே பானையில் அடுக்கி, மஞ்சள் கலந்த தேங்காய்ப்பாலை ஊற்றி மெதுவாக வேகவிடுவது. பால் சுண்டி அடியில் எண்ணெய் நிற்கும்போது இறக்க வேண்டும். பெயரே அதனால்தான். 'எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்கு' என்பது நம்ம வீடுகளில் தினமும் கேட்கிற வாசகம்தானே!

புயல் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள்

இந்தச் சுகத்தையெல்லாம் 2004இல் ஒரே நாள் கலைத்துப் போட்டது. கிரெனடா புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் பெரிய புயல் வராது என்று ஜனங்கள் நம்பியிருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் நேராகத் தீவின் மேலேயே வந்தது. 39 பேர் செத்தார்கள். பத்தில் ஒன்பது வீடுகள் சேதமாயின. ஜாதிக்காய் மரத்துக்கு வேர் ஆழமாகப் போகாது. பத்தில் எட்டு, ஒன்பது மரங்கள் சாய்ந்துவிட்டன. அதுவரை ஜாதிக்காயில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் கிரெனடாவுக்கு. அந்த இடம் போய்விட்டது.

திரும்ப நட்டால் என்ன என்று கேட்கலாம். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு ஆறேழு வருஷம் கழித்துப் பூ விடும்போதுதான் எது எதுவென்று தெரியும். காய்ப்பது பெண் மரம் மட்டும். நன்றாகக் காய்ப்புக்கு வர இருபது வருஷம்கூட ஆகும். அறுபது வயது விவசாயி ஒருவர் தோப்பை இழந்தால், அவர் திரும்ப நடுவது பேரனுக்குத்தான்.

இதைப் படித்தபோது எனக்குப் பண்ருட்டி ஞாபகம்தான் வந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. தாத்தா காலத்துப் பலா மரங்கள், முந்திரித் தோப்புகள் வேரோடு போயின. "வீடு போனா கட்டிக்கலாம், பலா மரத்துக்கு எங்க போறது" என்று அந்த வாரம் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஐவன் வந்த அதே 2004இல்தான் டிசம்பர் 26 அன்று சுனாமி நம்ம மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் கொண்டுபோனது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நின்று இதை நினைத்தால், அந்தத் தீவு அவ்வளவு தூரமாகத் தெரியாது.

துணி கொடுத்து வாங்கிய ஜாதிக்காய்

ஜாதிக்காய் கரீபியன் மரமே கிடையாது. அதன் சொந்த ஊர் இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குத் தீவுகளில் இருக்கும் பண்டா. கைக்குட்டை அளவில் சில தீவுகள். பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் உலகச் சந்தைக்கு ஜாதிக்காய் அங்கிருந்துதான் வந்தது.

1600களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் கப்பல் கட்டிக்கொண்டு பண்டாவுக்குப் போனார்கள். போன இடத்தில் ஒரு சிக்கல். அந்த வெயிலில் ஐரோப்பாவின் கம்பளித் துணியை வைத்துக்கொண்டு பண்டாக்காரன் என்ன செய்வான்? அந்தத் தீவுகளில் கேட்ட சரக்கு சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. நம்ம கரையின் மரக்காயர்களும் செட்டிகளும் அச்சே, மலாக்கா பக்கம் துணி கொண்டுபோய் விற்று மசாலா கொண்டுவந்தது பழைய வழக்கம். பரங்கிப்பேட்டை அந்த வியாபாரத்தின் முக்கியமான துறைகளில் ஒன்று.

ஆக, ஜாதிக்காய் வேண்டுமென்றால் முதலில் துணி வேண்டும், துணி வேண்டுமென்றால் இந்தக் கரைக்கு வர வேண்டும். அந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷத்துக்குள்ளேயே செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி, தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கடை போட்டுவிட்டார்கள். பிறகு பரங்கிப்பேட்டையிலும் அவர்களுக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. ஹென்ட்ரிக் ப்ரௌவர் என்ற டச்சு அதிகாரி 1612இல் சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடது கை என்று வர்ணித்தார். இங்கிருந்து துணி போகவில்லை என்றால் அங்கே வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

தறிக்காரருக்கு முன்பணம் கொடுத்து, நீளம், அகலம், நூல் எண்ணிக்கை எல்லாம் சொல்லி, நெய்து வாங்கி, கப்பலேற்றினார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் கிடக்கும் எத்தனையோ நெசவு ஊர்களுக்கு ஜாதிக்காய் மரம் எப்படி இருக்கும் என்றே தெரிந்திருக்காது. ஆனால் ஐரோப்பியர் வீட்டுப் பண்டத்தில் துருவிப் போட்ட ஜாதிக்காயின் விலையில் இந்தத் தறிகளின் உழைப்பும் சேர்ந்திருந்தது.

அந்த வியாபாரத்தின் மறுபக்கம் கொடூரமானது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று சொல்லி, 1621இல் யான் பீட்டர்சூன் கூன் என்ற டச்சு ஆளுநர் படையோடு பண்டாவுக்குப் போனார். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. மற்றவர்கள் வெட்டப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். ஆளில்லாத தோப்புகளில் வேலை செய்ய ஆசியாவின் பல கரைகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் சோழமண்டலக் கரையின் ஆட்களும் உண்டு. பஞ்ச காலத்தில் இங்கே மனிதர்களையும் விலைக்கு வாங்கினார்கள். துணி போன கப்பலிலேயே ஆளும் போன காலம் அது.

மரம் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்துத்தான் டச்சுக்காரர்கள் வெளியே அனுப்புவார்களாம். அந்த ஏகபோகம் உடைந்ததிலும் நம்ம கரைக்குப் பங்கு உண்டு. 1796இல் பிரிட்டிஷ் தளபதி ரெய்னியரின் கப்பல்கள் சென்னையிலிருந்து கிளம்பிப் போய்ப் பண்டாவைப் பிடித்தன. கம்பெனி நாற்றுகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பினாங்கில் நட்டது. அங்கிருந்து ஜாதிக்காய் பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்களுக்கெல்லாம் பரவியது. கிரெனடாவுக்கு அது வந்தது 1843இல் என்று சொல்வார்கள். அடிமை முறை ஒழிந்து கரும்புத் தோட்டங்கள் நொடித்துக்கொண்டிருந்த நேரம். எரிமலை மண்ணில் புது மரம் பிடித்துக்கொண்டது.

இரண்டு ஊர், அதே சண்டைக்காரர்கள்

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். தேடும்போது கிடைத்தது, விட மனசில்லை.

1690இல் எலிஹு யேல் காலத்தில் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் கடலூர் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தக் குண்டுதான்.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கடலூரையும், ஜூன் 2 அன்று இந்தக் கோட்டையையும் பிடித்து இடித்துத் தள்ளினார். அந்தப் படையில் ஒரு அதிகாரி தெஸ்தேங் பிரபு. அந்த வருஷக் கடைசியில் சென்னை முற்றுகையில் அவர் ஆங்கிலேயரிடம் மாட்டிக்கொண்டார். இருபத்தோரு வருஷம் கழித்து, 1779 ஜூலையில், அதே தெஸ்தேங் பிரெஞ்சுக் கடற்படையோடு போய் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த தீவு எது தெரியுமா? கிரெனடா!

அது மட்டுமில்லை. ஜூலை 6 அன்று கிரெனடாவுக்கு எதிரே நடந்த கடற்சண்டையில் 'ஃபான்தாஸ்க்' என்ற கப்பலுக்குத் தலைமை தாங்கியவர் சுஃப்ரேன். நாலு வருஷம் கழித்து, 1783 ஜூன் 20 அன்று, கடலூருக்கு எதிரே ஆங்கிலேயக் கடற்படையோடு சண்டை போட்டவரும் அதே சுஃப்ரேன்தான். அந்தச் சண்டை நடக்கும்போது ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முன்கூட்டியே கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. செய்திதான் கடலூருக்கு வந்து சேரவில்லை. கடைசியில் அந்தச் சமாதானத்திலேயே கிரெனடாவும் ஆங்கிலேயருக்குத் திரும்பிப் போனது, கடலூரும் போனது. இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

கப்பலேறிய குழம்பு

அடிமை முறை பிரிட்டிஷ் தீவுகளில் 1838இல் முழுசாக முடிந்தது. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்கு ஒப்பந்தக் கூலி முறை வந்தது. கிரெனடாவில் 1857 மே 1 அன்று 'மெய்ட்ஸ்டோன்' என்ற கப்பல் 287 இந்தியர்களை இறக்கியது. அதன் பின் 1885 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அங்கே தமிழ்ச் சுவடு மெல்லியது. வலுவான சுவடு வேண்டுமென்றால் அதே தீவு வரிசையில் வடக்கே 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் மார்த்தினிக்குக்கும், அதற்கும் மேலே குவாதலூப்புக்கும் போக வேண்டும். இரண்டும் பிரெஞ்சுத் தீவுகள். காரணம் எளிது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன.

1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 1880கள் வரை மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் என்பது கப்பலேறின இடம் மட்டும்தான். அந்தச் சின்ன நகரங்களால் இத்தனை பேரைக் கொடுத்திருக்க முடியாது. சுற்றிலும் இருந்த தென்னார்க்காட்டு, தஞ்சாவூர்க் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் நிறையப் பேர். கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு நாள் நடைகூட இல்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதக் கடல். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இன்றைக்கு அந்த இரண்டு தீவுகளுக்கும் போகிற சுற்றுலாக்காரர் எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் 'கொலோம்போ' என்று ஒரு பதார்த்தம் இருக்கும். ஆட்டுக்கறியில் செய்வது பிரசித்தம், கோழியிலும் மீனிலும் உண்டு. கடையில் பொட்டலமாக 'கொலோம்போ பொடி'யே விற்கிறார்கள். கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு, மஞ்சள். சில செய்முறைகளில் அரிசியை வறுத்துச் சேர்க்கிறார்கள், குழம்பு கெட்டிப்பட. இலங்கைத் தலைநகரின் பெயர் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறபடி அது நம்ம 'குழம்பு'தான். எழுத்துக் கூட்டத் தெரியாத கங்காணியும் தமிழ் தெரியாத துரையும் காதில் விழுந்தபடி பிடித்த சொல்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மிளகாய். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் அதை முதலில் பார்த்ததே கரீபியன் தீவுகளில்தான். போர்ச்சுகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம முந்திரியும் அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். பரங்கிக்காயின் பெயரே கதையைச் சொல்லிவிடும். அந்த மிளகாயை நாம் முந்நூறு வருஷம் வைத்துச் சமைத்து, குழம்பாக்கி, கப்பலில் அதன் சொந்த ஊருக்கே திரும்ப அனுப்பியிருக்கிறோம். அங்கே கொலோம்போ கொதிக்கும்போது ஒரு முழுத் தீவு மிளகாயைப் போட்டு இறக்குவார்கள்.

குழம்போடு சாமியும் போனது. மாரியம்மன், மதுரை வீரன் எல்லாம் அந்த ஊர் நாக்குக்கு ஏற்றபடி பேர் திரிந்து இருக்கிறார்கள். கடல் கடந்தவர்களைக் காப்பாற்றுகிற நாகூர் ஆண்டவரும் 'நாகூர்மிரா' என்று கூடவே இருக்கிறார். கிடா வெட்டிப் படையல் போட்டு, அந்தக் கறியில் கொலோம்போ வைத்து எல்லாருக்கும் பரிமாறுவார்கள். குவாதலூப்பில் கப்பெஸ்தேர் என்ற ஊரில் ஷாங்கி கோயில் இருக்கிறது. போகிறவர்கள் பார்க்காமல் வராதீர்கள்.

துணியும் போனது. அந்தத் தீவுகளின் பெண்கள் விழாவில் தலையில் கட்டுகிற கட்டம் போட்ட துணிக்குப் பெயரே 'மதராஸ்'. மார்த்தினிக், குவாதலூப், டொமினிகா, செயின்ட் லூசியா எல்லா இடத்திலும் அதுதான் பாரம்பரிய உடை. இது ஒப்பந்தக் கூலிகளுக்கும் முன்னாலேயே, வியாபாரத்தில் போனது. குறிஞ்சிப்பாடியில் தறியில் கைலி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டம் புதுசாகத் தெரியாது.

சிதம்பரம் என்ற பேர்

ஷாங்கி கோயில் இருக்கும் அதே கப்பெஸ்தேரில் 1863இல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஹென்றி என்று பேர் வைத்தார்கள். குடும்பப் பெயர் 'சிதம்பரோம்'.

இதை வைத்து அவர் முன்னோர் சிதம்பரத்துக்காரர் என்று சொல்லிவிட முடியாது. சிதம்பரம் என்பது நம்ம ஊர்களில் ஆள் பேரும்தான். அப்பன் பேரைப் பதிவேட்டில் குடும்பப் பேராக எழுதியபோது ராமசாமி, முத்துசாமி எல்லாம் அப்படித்தான் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களாயின. ஆனால் அந்தப் பேரைத் தாங்கியவர் செய்த காரியம் பெரிது.

ஒப்பந்தத்தில் போனவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பிரெஞ்சு பேசி வளர்ந்தார்கள். ஆனால் ஓட்டுரிமை என்று வந்தால், நீங்கள் வெளிநாட்டான், பிரிட்டிஷ் பிரஜையின் பிள்ளை என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். 1904இல் ஹென்றி சிதம்பரோம் இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். நிர்வாகம் எதிர்த்தது. இழுத்து இழுத்துப் பத்தொன்பது வருஷம் ஓடியது. 1923இல், புவான்கரே பிரதமராக இருந்தபோது, அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று பாரிஸ் ஒப்புக்கொண்டது. 1904இல் அவருக்கு நாற்பத்தோரு வயது. முடிந்தபோது அறுபது. நானும் இப்போது அந்த நாற்பதுகளில்தான் இருக்கிறேன். ஒரு மனுஷன் தன் நடு வயது முழுவதையும் ஒரு பட்டியலில் பேர் ஏற்றுவதற்காகச் செலவழித்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் 1952 வரை இருந்தார்.

சிதம்பரத்தில் கீழ வீதியில் நடக்கும்போது இப்போதெல்லாம் இவர் ஞாபகம் வருகிறது. இந்த ஊர்ப் பேரைத் தாங்கி உலகத்தின் மறுகோடியில் ஒரு ஜனத்தின் உரிமைக்காக நின்ற ஆளை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டுப் பார்த்தேன், நான் கேட்டவர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியாமல்தானே இத்தனை வருஷம் இருந்தேன்.

போகிறவர்களுக்கு

கரீபியன் பயணம் யாருக்காவது வாய்த்தால் என் யோசனை இதுதான். கிளம்பும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் போங்கள். கெடிலக் கரையில் மிச்சமிருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையைப் பாருங்கள். அப்படியே குறிஞ்சிப்பாடியில் ஒரு தறியை நின்று பாருங்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிறகு கிரெனடாவில் இறங்கினால் அந்த ஜாதிக்காய் மணத்தில் வெறும் சுற்றுலா மட்டும் இருக்காது. பண்டாவில் செத்தவர்கள், இங்கே நெய்தவர்கள், கப்பலேறிப் போனவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். அதனால் ரம் பஞ்சின் ருசி குறையாது, கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் எப்போது போவேனோ தெரியாது. நீங்கள் போனால் எனக்குக் குவாவிலிருந்து ஒரு ஜாதிக்காய், ஓட்டோடு, வாங்கிக்கொண்டு வாருங்கள். அம்மாவிடம் கொடுத்து அந்த உரைகல்லில் இரண்டு சுற்று இழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நம்ம நாட்டு மருந்துக் கடைக் காயும் அதுவும் ஒரே மணமா என்று அவரால்தான் சொல்ல முடியும்.